பதினோராவது நிமிடம்

இன்சியாவுக்குக் கோபம் வந்தால் எழுந்து போய்விடுவார். எங்கள் ஊர் டோர்மாவில் அவரைப் பற்றி எல்லோருக்கும் முதலில் தெரிந்தது இது. ரேடியோ, இன்வெர்ட்டர், இன்குபேட்டர் எல்லாம் பழுதுபார்ப்பார் என்பது அதற்கு அடுத்தது.

சண்டை நடந்துகொண்டிருக்கும். எதிராளி பாதிப் பேச்சில் இருப்பார். இன்சியா "வர்றேன்" என்பார். நாற்காலி காலியாகிவிடும். பத்து நிமிடமோ அரைமணியோ கழித்து வந்து, விட்ட இடத்திலிருந்து, தணிந்த குரலில் பேசுவார். அவருடைய கல்யாணத்தில் பெண்ணின் மாமன்மார், மாப்பிள்ளை வீட்டார் சீராகக் கொண்டுவந்த மதுப் புட்டிகளை எண்ணிவிட்டு இரண்டு குறைகிறது என்றபோது, மாப்பிள்ளையே எழுந்து போய்த் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். "என் கல்யாணத்துல பாதி நேரம் மாப்பிள்ள இல்ல" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். கோழை என்று சிலர் சொன்னார்கள். வர்றேன் மாஸ்டர் என்று பலர் கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

பக்கத்து ஊரான வாம்ஃபியில் பிறந்தவர். பதினேழு வயதில் நாட்டின் எல்லை தாண்டி அக்னிபிலெக்ருவுக்குப் போய் ஒரு குளிர்பெட்டிக் கடையில் ஒன்பது வருடம் இருந்தார். ஒருநாள் திரும்பி டோர்மாவில் வந்து இறங்கியபோது கையில் ஒரு பை. பையில் ஈயம் உருக்கி ஒயரைப் பற்றவைக்கும் கோலும் ஒரு வோல்ட் மீட்டரும் இருந்தன. மாற்றுத் துணி இல்லை. ஏன் வந்துவிட்டாய் என்று கேட்டவர்களிடம் "போதும்னு தோணுச்சு" என்றார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

பதினாலு வருடமாக எனக்கு அவரைத் தெரியும். என்னுடைய தீவன மில்லுக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரு சாக்கடை மட்டும்தான். ஆனால் நான் அவரைச் சரியாகத் தெரிந்துகொண்டது மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை.

அந்த வாரம் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து மூன்று நாளாக மின்சாரம் இல்லை. மில்லை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். காலை பத்து மணிக்கு ஆஃப்ராகோமா வந்தாள். மில்லுக்குப் பின்னால் கோழி வளர்ப்பவள். நாற்பத்தைந்து வயது. என்னைப் பார்க்காமல் நேராக இன்சியாவின் கடைக்குப் போனாள்.

"மாஸ்டர், என் பெட்டி நின்னு நின்னு ஓடுது."

"கரண்ட்டே இல்லியே அக்கா, எப்படி ஓடுது?"

"லாரி பேட்டரில ஓடுது. எந்திரிங்க. நாளைக்கு குஞ்சு வெளிய வரணும்."

அந்தக் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அறுநூறு முட்டை. மூன்று வாரத்துக்கு முன்பு, முட்டைகளைப் பெட்டியில் அடுக்கிய மறுநாள், ஆஃப்ராகோமா ஒரு சாவுக்குப் போயிருந்தாள். அன்று தண்ணீர்த் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டது. வெயில் தகரக் கூரையில் அடித்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது தொண்ணூறு கோழிகள் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தன. பதினொரு வருடமாக எந்தச் சேவலை எதோடு விடுவது என்று பார்த்துப் பார்த்து அவளே உண்டாக்கிய இனம். சந்தையில் கிடைக்காது. மிச்சம் இருந்தது இந்த அறுநூறு ஓடுகளுக்குள் மட்டும்.

நானும் கூடப் போனேன். சும்மா இருந்தவன், அவ்வளவுதான்.

பெட்டி என்றால் ஒரு ஆள் நிற்கும் உயரத்துக்கு மரப்பலகையில் செய்தது. அடியில் எரிவாயு அடுப்பு. உள்ளே இரண்டு விசிறி, சூட்டைச் சுற்றிவிட. தரையில் அகலமான அலுமினியத் தட்டு, நிறையத் தண்ணீர். கடைசி மூன்று நாள் உள்ளே ஈரம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுக்குள் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் ஒரு கண்ட்ரோல் போர்டு. எரிவாயுவைத் திறப்பதும் மூடுவதும் விசிறியை ஓட்டுவதும் அதன் வேலை. கதவில் சின்னக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் மேல் அடுக்கில் சில முட்டைகளில் விரிசல் தெரிந்தது. ஒன்றில் மூக்கு நுனி.

"பாருங்க" என்றாள் ஆஃப்ராகோமா.

விசிறி ஓடியது. இன்சியா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பதினொரு நிமிடம் ஆனது. விசிறி நின்றது. அடுப்பு அணைந்தது. யாரும் எதையும் தொடவில்லை. சிறிது நேரத்தில் போர்டில் பச்சை விளக்கு தானாகவே வந்தது. ஆனால் அடுப்பு உடனே பற்றவில்லை. ஒருமுறை அணைந்தால் நாலு நிமிடம் காத்திருந்துதான் எரிவாயுவைத் திறக்கும்படி போர்டைச் செய்திருக்கிறார்கள். அதுவரை விசிறியும் கிடையாது. நாலு நிமிடம் கழித்து எல்லாம் ஓடியது. மறுபடி பதினோராவது நிமிடம் நின்றது.

உள்ளே முப்பத்தேழரை டிகிரி இருக்க வேண்டும். நிற்கும்போது ஒன்றரை இறங்குகிறது. ஓடும்போது ஒன்றுதான் ஏறுகிறது. இரண்டாம் முறை நின்றபோது வெப்பமானி முப்பத்தாறு வரை இறங்கியது.

"முப்பத்தஞ்சுக்குக் கீழ போனா?" என்றேன்.

"போகக்கூடாது" என்றாள்.

இன்சியா போர்டின் மூடியைத் திறந்தார். உள்ளே கட்டைவிரல் நகம் அளவில் கறுப்பாக ஒரு ரெகுலேட்டர், மூன்று கால். முதுகில் தீப்பெட்டி அளவு அலுமினியத் துண்டு. பேட்டரியிலிருந்து எவ்வளவு வந்தாலும் பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. விரலைப் பக்கத்தில் கொண்டுபோனவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். மீட்டரை எடுத்து, வருகிற பக்கம் வைத்துப் பார்த்தார்.

"இருவத்திரெண்டு. அக்கா, எத்தன பேட்டரி போட்டீங்க?"

"ரெண்டு."

"பக்கத்துல பக்கத்துலயா, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா?"

"இன்னிக்குக் காலைல இருந்து ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. கூட வரட்டும்னுதான்."

"பன்னெண்டுக்கு மேல இதுக்கு எதுக்கு?"

"மாஸ்டர், இந்த ஊர்ல எது முழுசா வந்திருக்கு? சாயந்தரம் ஆனா பல்பு மெழுகுவத்தி மாதிரி எரியுது. எரநூத்தி முப்பதுன்னு எழுதிருக்கான், நூத்தம்பதுதான் வருது. எப்பவும் கம்மியாத்தான் வருதுன்னு நான் கூடக் கொடுத்தேன். கூடக் கொடுத்தா கெட்டுப்போகுமா?"

நானும் அப்படித்தான் கோத்திருப்பேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் கோத்திருப்பார்கள்.

இன்சியா ஒரு பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தார். பத்தரைக்கு இறங்கியது. அடுப்பு பற்றவில்லை. மற்றதை வைத்தார். பதினொன்று. பற்றி, ஒரு நிமிடத்தில் அணைந்தது. மூன்று நாளாகக் கறந்ததில் இரண்டும் சோர்ந்து போயிருந்தன. சேர்ந்தால்தான் ஓடும். வேறு பேட்டரி கேட்கலாம் என்றால், அன்று சனிக்கிழமை, எங்கள் பக்கம் சாவுச் சடங்கு நடக்கும் நாள். ஊரிலுள்ள டாக்சிகள் அத்தனையும் கறுப்பும் சிவப்பும் உடுத்தியவர்களை ஏற்றிக்கொண்டு ஏதேதோ சாவுச் சடங்குகளுக்குப் போயிருந்தன. இரண்டையும் பழையபடி கோத்தார்.

"பத்து வோல்ட் கூட வருது. அந்தப் பத்தையும் இந்தச் சின்னது சூடா மாத்திக் கழிக்குது. தாங்க முடியல. நிறுத்திக்குது."

"நிறுத்திக்குதா? அதுவாவா?"

"அதுவாத்தான். உள்ள சூடு ஏறுற இடத்துக்குப் பக்கத்துலயே சூட்டப் பாக்குற துளி ஒண்ணு வச்சிருக்கான். நூத்தம்பது டிகிரி வந்தா கதவச் சாத்திடும். கொஞ்சம் ஆறுனதும் அதுவே திறக்கும்."

ஆஃப்ராகோமா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கள மாதிரி."

நான் சிரித்துவிட்டேன். இன்சியா சிரிக்கவில்லை.

அப்போதுதான் பாடு வந்தான். ஆஃப்ராகோமாவின் கொழுந்தன். பேருந்து நிலையத்துக்கு எதிரில் போன் கடை வைத்திருக்கிறான். இரண்டு பேரைக் கூப்பிட்டால் ஒருவராவது சரி செய்வார் என்று அவள் அவனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவன் ரெகுலேட்டரை ஒரு பார்வை பார்த்தான்.

"அண்ணி, இது போலி. சந்தைல குமிச்சு வச்சு விக்கிறான். ஒரிஜினலா இருந்தா இப்படிப் பாதியில நிக்குமா?"

"போலியா இருந்தா நிக்காது. எரியும்" என்றார் இன்சியா.

"மாஸ்டருக்கு எல்லாமே நின்னு போனாத்தான் புடிக்கும்." பாடு சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினான். பெரிய டிரான்சிஸ்டர், இரும்புத் தொப்பி போட்டது, சோடாமூடி அளவு. "பழைய ஆம்ப்ளிஃபயர்ல இருந்து எடுத்தது. இதுக்குக் கதவு கெதவு ஒண்ணும் கிடையாது. குடுக்குறத வாங்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கும்."

விசிறி நின்றது. மூன்றாவது முறை. வெப்பமானி முப்பத்தைந்தே முக்காலுக்கு இறங்கியது.

"போடு" என்றாள் ஆஃப்ராகோமா.

"போடாதீங்க அக்கா."

"அப்ப நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"யோசிக்கிறேன்."

"யோசிக்கிறீங்களா! உள்ள மூக்க நீட்டிக்கிட்டு இருக்கு, அதுங்கிட்டச் சொல்லுங்க, மாஸ்டர் யோசிக்கிறார்னு! மூணு நாளா நான் கண்ண மூடல. உங்களுக்கு என்ன, இது செத்தா வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பீங்க."

இன்சியாவின் முகம் கறுத்தது. வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

"வர்றேன்" என்றார்.

அவர் வாசலைத் தாண்டியதும் பாடு கை தட்டினான். "நாலாவது தடவ நின்னுடுச்சு! இந்தத் தடவ மாஸ்டர்!"

ஆஃப்ராகோமா என்னைப் பார்த்தாள். "மில்காரரே, போய்ப் புடிச்சுட்டு வாங்க. எங்கயாவது போயிடப்போறார்." அவள் குரல் அப்போது வேறு மாதிரி இருந்தது. அதனால் ஓடினேன்.

அவர் என் மில்லுக்குத்தான் போயிருந்தார். தொட்டியில் தலையை முக்கி எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டச் சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மில் வாசலில் ஒரு பெண் கரி அடுப்பில் பெரிய அலுமினியப் பானை வைத்து, இலையில் கட்டிய சோளமாவு உருண்டைகளை அவித்துக்கொண்டிருந்தாள். கரி செக்கச் சிவந்திருந்தது.

"அந்தப் பானை ஏன் உருகல?" என்றார்.

கேள்வி எனக்கா என்று தெரியவில்லை. "தண்ணி இருக்கே" என்றேன்.

அவர் எழுந்தார். என் சல்லடைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்த இரும்புக் கிளாம்பைத் திருகிக் கழற்றினார். சல்லடை தொங்கிவிட்டது. பற்றவைக்கும் கோலை அந்தப் பெண்ணின் அடுப்புக் கரிக்குள் செருகினார். அவள் திட்டினாள். கோல் சூடேறியதும், தன் கடையிலிருந்து புதிதாக ஒரு ரெகுலேட்டரை எடுத்து, அதன் மூன்று காலிலும் தலா இரண்டு முழம் ஒயர் வைத்துப் பற்றினார். எல்லாம் சேர்த்து அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

திரும்பிப் போனால் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஆஃப்ராகோமா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் சிரித்துப் பார்த்தேன். பாடு சுட்ட வாழைப்பழத்தை வேர்க்கடலையோடு தின்றுகொண்டிருந்தான்.

"இருவத்தஞ்சு நிமிஷம்" என்றான். "ஒரு தடவ கூட நிக்கல. உக்காருங்க மாஸ்டர், வாழப்பழம் தின்னுங்க."

வெப்பமானி முப்பத்தேழு.

இன்சியா போர்டைப் பார்த்தார். டிரான்சிஸ்டர் ஒரு தகரத்துண்டில் திருகப்பட்டிருந்தது. தகரம் நீலம் பாய்ந்திருந்தது. விரலைத் தண்ணீரில் நனைத்து ஒரு சொட்டு விட்டார். சொட்டு உருண்டு, சீறி, காணாமல் போனது. மின்சாரம் வெளியே போகிற பக்கத்தில் மீட்டரை வைத்தார்.

"ஆரம்பத்துல எவ்வளவு இருந்துச்சு?"

"பதினொண்ணே முக்கால்" என்றான் பாடு.

"இப்ப பன்னெண்டர. ஏறுது. சூடு ஏற ஏற இதுவும் ஏறும். எங்க நிக்கும்னு இதுக்கே தெரியாது. கழத்தணும் அக்கா."

"ஓடுறதக் கழத்தணுமா?" ஆஃப்ராகோமா எழுந்துகூட நிற்கவில்லை.

"ஓடுறதத்தான்."

"ஓடாதப்ப எந்திரிச்சுப் போனீங்க. ஓடும்போது வந்து கழத்தணும்ங்கறீங்க."

"பொறாம அண்ணி" என்றான் பாடு.

இந்த இடத்தில் அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். போகவில்லை. தரையில், அவளுக்கு எதிரில், சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"அக்னிபிலெக்ருல தானோன்னு ஒரு கோழிப்பண்ணைக்காரர் இருந்தார். ரெண்டாயிரம் முட்ட. இதே மாதிரிப் பெட்டி, இதே மாதிரி நின்னு நின்னு ஓடுச்சு. அவரும் சத்தம் போட்டார். எனக்கு இருவத்தாறு வயசு. நானே இந்த மாதிரி ஒரு தொப்பிக்காரன எடுத்து மாட்டுனேன். ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. தோள்ல தட்டினார். சோறு போட்டார். மூணாம் நாள் விடியக்கால உள்ளுக்குள்ள உருகி ஒட்டிக்கிச்சு. பேட்டரில இருந்தது மொத்தமும் நேரா உள்ள போச்சு. எரிவாயு தெறந்தது தெறந்தபடியே நின்னுடுச்சு. போய்க் கதவத் தெறந்தா வாசன வருது."

"என்ன வாசன?"

"அவிச்ச முட்ட வாசன."

பாடு வாழைப்பழத்தைக் கீழே வைத்தான்.

"தானோ என்ன சொன்னார்?" என்று கேட்டாள் ஆஃப்ராகோமா.

"கதவப் புடிச்சுக்கிட்டு நின்னார். நான் வர்றேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். பதினாலு வருஷம் ஆச்சு."

ஆஃப்ராகோமா தலையைச் சாய்த்து விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த விசிறியோடு அவள் ஆறு வருடம் படுத்து எழுந்தவள். அதன் பக்கத்திலேயே பாய் போட்டுத் தூங்குவாள்.

"பாடு, விசிறி ஏன் கத்துது?"

"கத்தலியே அண்ணி. நல்லாத்தான் சுத்துது."

"இவ்வளவு வேகமா இது சுத்துனதே கிடையாது." அவள் எழுந்தாள். "நீங்க வந்தப்ப இருந்த சத்தம் இல்ல இது. இன்னும் ஏறுது." இன்சியாவின் கையிலிருந்த ஒயரைப் பார்த்தாள். "கழத்திட்டு என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க. அப்புறம் கழத்துங்க."

"இந்தப் புதுச நம்ம தண்ணித் தட்டோட சேத்து இறுக்கிடுவேன். சூடு தட்டுக்குப் போகும், தட்டுல இருந்து தண்ணிக்குப் போகும். தண்ணி இருக்கிற வரைக்கும் இதுக்கு நூத்தம்பது வராது."

"தட்டு உள்ள இருக்கு."

"ஆமா."

"கதவத் தெறக்கணும்."

"ரெண்டு நிமிஷம்."

திறந்தால் ஈரம் போய்விடும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிக்குள் இப்போது ஏழெட்டு மூக்குகள்.

வெப்பமானி, விசிறி, இன்சியாவின் முகம், இந்த மூன்றையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். என்னைக் கேட்டிருந்தால் ஓடுவதை விட்டுவிடு என்றுதான் சொல்லியிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

"பாடு, நீ கழத்து. நீ மாட்டுனத நீயே கழத்து."

பாடு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் திருப்புளியை எடுத்தான். துணி சுற்றித்தான் டிரான்சிஸ்டரைத் தொட முடிந்தது. விசிறி நின்றது. இன்சியா புது ஒயர்களைப் போர்டில் பற்றினார். கோல் அதற்குள் ஆறத் தொடங்கியிருந்தது. இரண்டு பிடித்தன. மூன்றாவது பிடிக்கவில்லை. அவர் கோலை ஆஃப்ராகோமாவின் சமையல் அடுப்பில் செருகிவிட்டு வந்து நின்றார். நாங்கள் நாலு பேரும் ஒரு இரும்புக் கோல் சூடேறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெப்பமானி முப்பத்தாறரை. முப்பத்தாறு. மூன்றாவதும் பிடித்தது.

ஆஃப்ராகோமா இரண்டு படுக்கை விரிப்புகளை நனைத்துப் பிழிந்தாள். ஒன்றை நானும் பாடுவும் கதவைச் சுற்றித் திரைபோலப் பிடித்தோம். மற்றதை அவள் முட்டை அடுக்குகளுக்கு முன்னால் பிடித்தாள். இன்சியா மண்டியிட்டார். ரெகுலேட்டரின் முதுகில் தடவ ஏதாவது களிம்பு வேண்டும் என்றார். உலோகமும் உலோகமும் தொடுகிற இடத்தில் காற்று நின்றால் சூடு இறங்காதாம். கோழிக் கொண்டைப் புண்ணுக்குப் போடும் வெள்ளைக் களிம்பு இருந்தது. அதைத் தடவினார்.

"தெறங்க."

திரைக்குள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. உள்ளே சத்தம் கேட்டது. கண்ணாடி வழியாகக் கேட்காத சத்தம். ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று. ஒன்றல்ல, நூறு.

"பேசாதீங்க, பேசாதீங்க, இதோ" என்று ஆஃப்ராகோமா அவற்றிடம் சொன்னாள்.

இன்சியா தட்டின் விளிம்பில் ரெகுலேட்டரை வைத்தார். கிளாம்பு வழுக்கியது. மறுபடி வைத்தார். திருகினார். களிம்பு பிதுங்கியது. "ஒண்ணு அம்பது" என்றான் பாடு. அவனாகவே நிமிடம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். "ரெண்டு. ரெண்டு பத்து."

"மூடுங்க."

மூடினோம். பேட்டரியைக் கோத்தார். பச்சை விளக்கு வந்தது. நாலு நிமிடம் காத்திருக்க வேண்டும். முப்பத்தைந்து. அதற்குக் கீழே கால் டிகிரி. ஆஃப்ராகோமா நெற்றியைக் கண்ணாடியில் வைத்து நின்றாள். அடுப்பு பற்றியது. விசிறி சுற்றியது. பழைய சத்தம்.

பதினோராவது நிமிடத்துக்காக நின்றோம். யாரும் உட்காரவில்லை. எட்டு. ஒன்பது. பாடு எண்ணுவதை நிறுத்திவிட்டான். பத்து. பதினொன்று. விசிறி ஓடியது. பன்னிரண்டு. இன்சியா தட்டிலிருந்து வரும் ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பதினைந்து. இருபது. வெப்பமானி முப்பத்தாறரையைத் தாண்டியது. கண்ணாடியில் நீர்த் துளிகள் படிந்தன. தண்ணீர் சூடேறி, உள்ளே ஈரம் முன்பைவிட அதிகமாகவே நின்றது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை, இன்சியாவும்.

"நிக்கவே இல்ல" என்றான் பாடு.

"நிக்கணும்னா நிக்கும்" என்றார் இன்சியா. "தண்ணிய மட்டும் பாத்துக்கங்க."

ஆஃப்ராகோமா அங்கேயே, தரையில், விரிப்பைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனாள். நாங்கள் மூன்று பேரும் முறை வைத்துத் தட்டில் தண்ணீர் பார்த்தோம். தட்டிலிருந்து வெளியே நீட்டியிருந்த ஒரு குழாய் வழியாக ஊற்றலாம். பாடு கடைக்குத் திரும்பிப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை குஞ்சுகள் வந்துகொண்டிருந்தன. அறுநூறில் முந்நூற்று எழுபத்தொன்று. கீழ் அடுக்கு முழுக்கப் போய்விட்டது. நின்று நின்று ஓடிய நேரத்தில் குளிர்ந்தது கீழ் அடுக்குதான். சில முட்டைகளில் துளை மட்டும் இருந்தது, மூக்கு அசையவில்லை. அவற்றை ஆஃப்ராகோமா தனியே ஒரு கூடையில் எடுத்து வைத்தாள். பிறகு குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அடிவயிற்றைப் பார்த்து, விளக்கடியில் விட்டாள். பழுப்பு நிறம். கழுத்தில் கறுப்புக் கோடு. அவளுடைய இனம்.

இன்சியா கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டார். கிளாம்பைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அது இப்போதும் அந்தத் தட்டில்தான் இருக்கிறது.

ஆஃப்ராகோமா ஒரு அட்டைப் பெட்டியில் ஆணியால் துளை போட்டாள். வைக்கோல் பரப்பினாள். முப்பது குஞ்சுகளை எண்ணி உள்ளே விட்டாள். பொறுக்கியெடுத்த குஞ்சுகள். நான் பார்த்தேன், நொண்டி ஒன்றுகூட இல்லை.

"எனக்கு எதுக்கு அக்கா கோழி?" என்றார் இன்சியா.

"உங்களுக்கு யார் குடுத்தா? அந்தத் தானோவுக்கு."

அவர் பெட்டியை வாங்கவில்லை. அவள் நீட்டியபடியே நின்றாள். உள்ளே கீச்சென்று கேட்டது.

"இருக்காரோ என்னவோ."

"இல்லன்னா அவர் பிள்ளைங்க இருப்பாங்க. ரெண்டாயிரத்துக்கு முப்பது ஈடாகாது. தெரியும். கையில இருக்கிறது இதுதான்."

"என்னப் பாத்தா அடிப்பார்."

"அடிக்கட்டும். எந்திரிச்சு வராதீங்க."

முகம் மறுபடி கறுத்தது. இப்போது "வர்றேன்" வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினார். அடியைத் தாங்கிப் பிடித்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் மில்லைத் திறந்தபோது அவர் கடை பூட்டியிருந்தது. பேருந்து நிலையத்தில் பாடு பார்த்திருக்கிறான். எல்லைக்குப் போகும் வண்டியில், முன் இருக்கையில், மடியில் பெட்டியோடு. ஆள் சேர்ந்து வண்டி நிறைவதற்கு நேரமாகியிருக்கிறது. ஓட்டுநர், கீழே இறங்கி நிழலில் நில்லுங்கள், புறப்படும்போது கூப்பிடுகிறேன் என்றாராம். இன்சியா இறங்கவில்லை. வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்தபோது சட்டையைக் கழற்றிப் பெட்டியின் மேல் போட்டாராம். வண்டி கிளம்புகிறவரை பனியனோடு அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.